கழிவுப் பொருளில் கைவேலை: செய்வது பிள்ளையா, ரீச்சரா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும். திருகோணமலையில் ஒரு முன்பள்ளியில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். மூன்று முதல் ஐந்து வயது வரை இருபது பிள்ளைகள். நவம்பரில் கண்காட்சி. "கழிவுப் பொருட்களில் இயற்கை" என்று பெற்றோர் குழு தலைப்பும் கொடுத்துவிட்டது. என்ன சாமான் சேர்க்கலாம், எது ஆபத்து, இந்த வயதுக்கு என்ன முடியும் என்று கேட்டு, நீங்கள் யோசித்து வைத்த சாமான் பட்டியலையும் அனுப்பியிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், "போன வருடம் ரீச்சர்மாரே இரவிரவாகச் செய்துவிட்டுப் பிள்ளைகளின் பேரை ஒட்டினார்களாம், அது பிழையா?" என்று போகிற போக்கில் கேட்டிருக்கிறீர்களே, எனக்கு அதுதான் உண்மையான கேள்வியாகத் தெரிகிறது. அதற்கு விடை தெரிந்தால் பட்டியலில் பாதி தானாக அடிபட்டுப் போகும்.

நான் இந்த மாவட்டத்தில் பல வருடம் முன்பள்ளியில் படிப்பித்தவள். பிறகு மூதூர், கிண்ணியா, தம்பலகாமம், குச்சவெளி என்று ஆசிரியைகளுக்குப் பயிற்சி கொடுக்கப் போய்வந்தவள். வைத்தியர் இல்லை. நஞ்சு, மூச்சடைப்பு பற்றிக் கீழே நான் எழுதுவதை ஒரு ஆசிரியை தெரிந்திருக்க வேண்டிய அளவு என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, அந்தக் கடைசி வரி. ஆம், பிழைதான். செய்யாத பிள்ளையின் பேரை ஒட்டுவது பொய் என்பது ஒரு பக்கம். அதைவிட, அந்த வேலையில் பிள்ளைக்குச் சேர வேண்டியதெல்லாம் ரீச்சருக்குச் சேர்ந்துவிடுகிறது. பசையை எவ்வளவு பூசினால் பிடிக்கும், காயமுதல் தூக்கினால் என்ன நடக்கும், காய்ந்த இலை ஏன் நொறுங்குகிறது, ஈர இலை ஏன் சுருள்கிறது, சிரட்டை ஏன் ஒரு பக்கமாகச் சரிகிறது, இதையெல்லாம் கையால் கண்டுபிடிப்பதுதான் இந்த வயதில் கைவேலை. முடிவில் மேசையில் இருக்கும் ஆமையோ மயிலோ அதில் மிஞ்சுகிற சாமான்தான். இரவிரவாக விழித்திருந்த ரீச்சர்மாரைக் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை. கண்காட்சிக்கு வருகிற தாய்மார் "பக்கத்துப் பள்ளிக்கூடத்தில எவ்வளவு வடிவாச் செய்திருக்கினம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அடுத்த வருடம் கத்தரிக்கோல் பிள்ளையின் கையில் இருந்து ரீச்சரின் கைக்கு வந்துவிடும்.

எந்த வயதில் கை என்ன செய்யும் என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. மூன்று வயதுப் பிள்ளை கிழிக்கும், கசக்கும், அமுக்கும், குத்தும், ஒன்றுக்குள் ஒன்றைப் போட்டு எடுக்கும். கத்தரிக்கோலைக் கொடுத்தால் கடதாசியின் ஓரத்தில் சின்னச் சின்ன வெட்டுப் போடும். நான்கு வயதில் ஒரு கோட்டின் மேல் ஓரளவுக்கு வெட்டும், பெரிய துளைக்குள் கயிறு கோக்கும். ஐந்தை எட்டும்போதுதான் வட்டம், சதுரம் என்று வெட்டி எடுக்க வரும். மூன்று விரலால் பென்சிலைப் பிடித்து விரல்களை மட்டும் அசைக்கிற பக்குவமும் நாலரைக்குப் பிறகுதான் மெல்ல மெல்ல வரும். ஆறு மாதம் முன்பின் ஆவது சாதாரணம், அதற்காகத் தாயைக் கூப்பிட்டுப் பயமுறுத்த வேண்டாம். இதை வைத்துப் பார்த்தால், மூன்று வயதுப் பிள்ளை ஒரு சிரட்டையைக் கவிழ்த்து வைத்து "ஆமை" என்று சொன்னால் அந்த வேலை அங்கேயே முடிந்துவிட்டது. அதற்குக் கண் ஒட்டி, வால் ஒட்டி, பச்சை அடிக்க வேண்டும் என்று நினைப்பது நாம்தான்.

இது நேற்று வந்த நாகரிகமும் இல்லை. 1837இல் ஜேர்மனியில் பிளாங்கன்பேர்க் என்ற சிறிய ஊரில் ஃப்ரோபெல் என்ற கல்வியாளர் தொடங்கிய சிறுவர் நிலையத்திலேயே களிமண், கடதாசி மடிப்பு, கடதாசிப் பின்னல் எல்லாம் அன்றாட வேலையாக இருந்தன. இத்தாலியில் ரெஜியோ எமிலியா நகரத்தில் 1996 முதல் ரெமிடா என்ற நிலையம் தொழிற்சாலைகளில் மிஞ்சும் துண்டு துணுக்குகளைச் சேர்த்து முன்பள்ளிகளுக்குக் கொடுத்துவருகிறது. ஆனால் அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. நுங்குக் கோம்பையில் வண்டில் உருட்டியதும், பூவரசம் இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதியதும், தென்னம்பாளையை வள்ளமாக்கிக் கேணியில் விட்டதும் நம் அப்பா அம்மாவின் சின்ன வயதுதானே. அந்தப் பொருட்கள் எல்லாம் யாரோ தின்று, வெட்டி, எறிந்தவை. அதற்கு யாரும் மீள்சுழற்சி என்று பேர் வைக்கவில்லை, பரிசும் கொடுக்கவில்லை.

பரிசு என்றதும் இன்னொன்று. கண்காட்சியில் முதலாம், இரண்டாம் இடம் கொடுக்கலாமா என்று குழு கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள், உங்கள் பக்கம் நல்ல ஆதாரம் இருக்கிறது. 1973இல் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்து முன்பள்ளியில் லெப்பர் என்பவரும் கூட்டாளிகளும் ஒரு சோதனை செய்தார்கள். தாங்களாகவே ஆசையோடு படம் வரைகிற பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு மட்டும், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். கொஞ்ச நாள் கழித்துப் பேனாக்களைச் சும்மா மேசையில் வைத்தபோது, சான்றிதழுக்காக வரைந்த பிள்ளைகள் மற்றவர்களின் பாதி அளவு நேரம்தான் அந்தப் பக்கம் போனார்கள். எதிர்பாராமல் பரிசு கிடைத்த பிள்ளைகளுக்கு அந்தக் குறை வரவில்லை. ஆகவே எல்லாப் பிள்ளைக்கும் கடைசியில் ஒரு பழமோ பலூன் இல்லாத ஒரு சின்னச் சந்தோஷமோ கொடுங்கள், போட்டி மட்டும் வேண்டாம். பலூனை ஏன் விலக்கினேன் என்பது கீழே வருகிறது.

அடுத்து, அழைப்பிதழில் நீங்கள் எழுதக்கூடாத இரண்டு விடயங்கள். ஒன்று, கைவேலை மூளையை வளர்க்கும், வலது மூளையைத் தூண்டும் என்கிற பேச்சு. விரல் வேலையில் கெட்டியான பிள்ளைகள் பின்னால் பாடசாலையிலும் நன்றாகச் செய்வதாகப் பல ஆய்வுகள் காட்டியிருப்பது உண்மை. ஆனால் இரண்டும் சேர்ந்து காணப்படுகின்றன என்பதற்கும், கைவேலை செய்ததால்தான் கணக்கு வந்தது என்பதற்கும் நடுவில் நிறைய இடைவெளி இருக்கிறது. வீட்டுச் சூழல், சாப்பாடு, தாயின் படிப்பு எல்லாம் அந்த இடைவெளிக்குள் வரும். இரண்டாவது, கழிவுப் பொருளில் பூ செய்த பிள்ளை வளர்ந்து சுற்றாடலைக் காக்கும் என்பது. அது நம் ஆசை. அதை நிரூபிப்பது மிகவும் கடினம், ஒரு நாள் கண்காட்சியால் நடக்கும் என்று நான் நம்பவும் இல்லை. கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில் பிரெட்றிக் கோட்டைக்குள் மான்கள் குப்பையைக் கிளறி நிற்பதை நம் பிள்ளைகள் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். ஒரு மான் சொப்பிங் பையை மென்றுகொண்டு நிற்பதைப் பார்த்த பிள்ளை கேட்கிற கேள்விக்கு நின்று பதில் சொல்வது, கண்காட்சி மேசையை விடப் பலமான பாடம் என்பது என் அபிப்பிராயம். அபிப்பிராயம்தான், ஆய்வு முடிவு அல்ல.

இனிச் சாமான். உங்கள் பட்டியலில் இருந்தவற்றில் பாதி கடையில் வாங்குவதாக இருந்தது கொஞ்சம் உறுத்தியது. ஸ்ட்ரோவும் பிளாஸ்ரிக் கரண்டியும் புதிதாக வாங்கி அதில் பூ செய்தால் அது எந்தக் கழிவு? அதோடு 2023 ஒக்டோபர் 1 முதல் ஒருமுறை பாவிக்கிற ஸ்ட்ரோ, தட்டு, கரண்டி, பிளாஸ்ரிக் மாலை, இடியப்பத் தட்டு எல்லாம் இலங்கையில் தடை. கைவேலை காட்டுகிற யூரியூப் வீடியோக்கள் பெரும்பாலும் வேறு நாட்டில் எடுத்தவை, அங்கே கிடைக்கிற சாமானைப் பார்த்து நாம் ஓட வேண்டியதில்லை. பிளாஸ்ரிக்கும் பொலித்தீனும் கொண்டு அலங்காரம் செய்வதற்கே 2017 செப்டெம்பரில் தடை வந்தது. ஆகவே மண்டபத்தில் கட்டுகிற தோரணத்தைத் தென்னோலையில் கட்டுங்கள். குருத்தோலைத் தோரணம் கட்டத் தெரிந்த ஒரு அப்பப்பா எந்தத் தெருவிலும் இருப்பார், அவரை ஒரு நாள் வகுப்புக்கு அழைத்துப் பாருங்கள்.

திருகோணமலையில் சும்மா கிடைப்பவை எத்தனை! சிரட்டை, பொச்சு, தும்பு, பாளை. ஈர்க்கும் உண்டு, ஆனால் அதைச் சாண் அளவுக்கு வெட்டி முனை மழுக்கித்தான் கொடுக்க வேண்டும், நீள ஈர்க்கு அடுத்த பிள்ளையின் கண்ணுக்குத்தான் போகும். சூப்பிப் போட்ட பனங்கொட்டையைக் கழுவி வெயிலில் காயவைத்தால் தும்பு தலைமயிர் மாதிரி எழும்பி நிற்கும், அதைப் பார்த்துப் பிள்ளைகளே "ஆச்சி" என்று பேர் வைத்துவிடுவார்கள். பன்னாடையைக் கடதாசியின் மேல் விரித்து, சாயத்தில் நனைத்த துணிப் பொட்டலத்தால் ஒற்றினால் வலை அச்சு விழும், மீன்பிடிக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு அதுவே கடல் படமாகிவிடும். கடற்கரைச் சவுக்குக் காயைக் களிமண்ணில் உருட்டினால் வரிசையாகப் புள்ளி விழும். அடம்பன் கொடியின் இலை நடுவில் பிளந்திருப்பதால் ஒரு இலையே ஒரு வண்ணத்துப்பூச்சி. உதிர்ந்ததும் ஓரத்தில் இருப்பதுமாகச் சில இலை எடுத்தால் போதும், கொடியை இழுக்க விடாதீர்கள், கரை மணலைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். வீட்டிலிருந்து முட்டை மட்டை, பழைய பத்திரிகை, சவர்க்காரப் பெட்டி, பால்மாப் பெட்டி, கலியாணக் கார்ட், அரிசிப் பை, கழுவிய யோகட் கப். இது தாராளம். ஒரு நாளைக்கு மூன்று வகைக்கு மேல் மேசையில் வைக்காதீர்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொட்டினால் பிள்ளை ஒன்றையும் ஆழமாகத் தொடாது.

நிறத்துக்கும் கடைக்குப் போக வேண்டாம். காக்கணம்பூவை, நம்மில் சிலர் சங்குப்பூ என்பார்கள், சுடுதண்ணீரில் போட்டால் நீலம் இறங்கும். ஆறியபின் அதில் தேசிக்காய்ப்புளி விட்டால் ஊதாவாகி, இன்னும் விட்டால் இளஞ்சிவப்பாகும். மஞ்சள் கரைத்துத் தோய்த்த கடதாசியில் சவர்க்காரத் தண்ணீரால் கோடு போட்டால் சிவப்பாகத் தெரியும். நிறம் மாறுவதற்குக் காரணம் தேசிக்காயின் புளிப்பும் சவர்க்காரத்தின் காரத்தன்மையும், அதைப் பிள்ளைக்கு விளக்க வேண்டியதில்லை, "இன்னொருக்கா" என்று கேட்பார்கள், இன்னொருக்கா செய்ய விடுங்கள். பலா இலை, அரசமிலை, பூவரசம் இலை எதையாவது நரம்புப் பக்கம் மேலே வரக் கடதாசிக்குக் கீழே வைத்து, பஸ்ரலைப் படுக்க வைத்துத் தேய்த்தால் இலை எழும்பி வரும். வெண்டிக்காய் அடி, வாழைத்தண்டுத் துண்டு, இரண்டும் நல்ல அச்சு. நான் பார்த்த வகுப்புகளில் அதிக நேரம் பிள்ளைகளைப் பிடித்து வைத்திருந்தது இந்த அச்சு வேலையும் களிமண்ணும்தான். பசையென்றால் ஒரு கப் கோதுமை மாவுக்கு நாலு கப் தண்ணீர், கட்டி விழாமல் காய்ச்சிக் கண்ணாடி போல் வந்ததும் இறக்கினால் சரி. இரண்டு நாளில் புளிக்கும், அப்போது கொட்டிவிட்டுப் புதிதாகக் காய்ச்சுங்கள். பூச்சி வராமல் இருக்கத் துருசு போடுகிற பழைய வழக்கம் உண்டு. அது நஞ்சு, பிள்ளைகள் தொடுகிற பசையில் அதைப் போடவே கூடாது. கடையில் வாங்கினால் வெள்ளை பைண்டர் கம் போதும். சூட்டுப் பசைத் துப்பாக்கியும், விரலோடு விரலை ஒட்டிவிடுகிற சுப்பர் கம்மும் வகுப்பறைக்குள் வரவே கூடாது.

ஆபத்து என்ற பகுதியில் உங்கள் பட்டியலில் ஒன்றைக் கண்டு திடுக்கிட்டேன்: "குன்றிமணி, கண் ஒட்டுவதற்கு". தயவுசெய்து அதை வெட்டிவிடுங்கள். குன்றிமணிக்குள் இருக்கும் அப்ரின் கொடிய நஞ்சு. முழு விதையை விழுங்கினால் தடித்த தோல் காரணமாகப் பல நேரம் ஒன்றும் ஆகாமல் வெளியேறும். ஆனால் மென்றாலோ, கோப்பதற்காகத் துளை போட்டிருந்தாலோ கதை வேறு. ஆமணக்கு விதையும் அதே ரகம். மஞ்சள் அலரி விதை இதயத்தையே பாதிக்கும், நம் பகுதியில் இதைத் தெரியாத ஆஸ்பத்திரி இல்லை. ஊமத்தை, காட்டாமணக்கு இரண்டும் வேலியோரத்தில் நிற்பதால் பிள்ளைகள் தாங்களே பறித்துக்கொண்டு வருவார்கள். எருக்கலைப் பால் கண்ணில் பட்டால் கண்ணைக் கெடுக்கும். சுடாத மரமுந்திரிகைக் கொட்டையின் தோலில் இருக்கும் எண்ணெய் தோலைப் பொசுக்கும். முருங்கையில் மயிர்க்கொட்டி இருக்கும் காலத்தில் இலை பறிக்கப் போகாதீர்கள். பொச்சையும் விறகுக் குவியலில் கிடந்த சிரட்டையையும் பெரியவர் ஒருவர் முதலில் தட்டி உதற வேண்டும், தேளும் பூரானும் அங்கேதான் குடியிருக்கும். பிள்ளை எதையாவது தின்றுவிட்டது என்று சந்தேகம் வந்தால் வாந்தி எடுக்க வைக்கப் பார்க்காமல், அந்த விதையையோ இலையையோ கையில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 1990ஐ அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

மூச்சடைப்பு இதைவிட அடிக்கடி நடப்பது. மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் விளையாட்டுச் சாமானைச் சோதிக்கும் உருளையின் விட்டம் 31.7 மில்லிமீற்றர். அதற்குள் முழுவதும் அடங்கும் எதுவும் தொண்டைக்கு ஆபத்து என்பது கணக்கு. சோடாப் போத்தல் மூடி அதற்குள் அடங்கும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. உங்கள் பிள்ளைகள் மூன்றைத் தாண்டியவர்கள் என்றாலும், இன்னும் எதையும் வாயில் வைக்கிற ஒன்றிரண்டு பேர் ஒவ்வொரு வகுப்பிலும் இருப்பார்கள். யார் என்று உங்களுக்குத் தெரியும், அவர்களின் மேசைக்குப் பெரிய சாமான். பலூனை விலக்கியதும் இதற்காகத்தான், உடைந்த பலூன் துண்டு தொண்டையில் ஒட்டிக்கொண்டால் எடுப்பது மிகவும் கஷ்டம். புளியங்கொட்டை, பயறு, கடலை எல்லாம் மூக்குக்கும் காதுக்கும் போகும். போய்விட்டால் தோண்டாதீர்கள், காதுக்குள் தண்ணீர் விடாதீர்கள், விதை ஊதிவிடும். பாடும் வாழ்த்து அட்டை, பழைய பொம்மை, கைக்கடிகாரம் ஆகியவற்றில் இருக்கும் பொத்தான் பற்றரியை விழுங்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே உணவுக்குழாயைச் சுட்டுவிடும், ஆகவே மின்சாரச் சாமான் எதுவும் சேகரிப்புக்குள் வரக்கூடாது. ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரைப் பலகையும் வேண்டாம், உதிர்ந்து வாய்க்குள் போகும், மீன் பெட்டி ரெஜிபோம் என்றால் நாற்றமும் சேர்ந்து வரும். தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கம் வயலுக்கு மருந்து அடித்த போத்தலை எத்தனை தடவை கழுவினாலும் அது மருந்துப் போத்தல்தான். அப்புறம், சொல்லவே சங்கடமான ஒன்று. நம் மாவட்டத்தில் சண்டை நடந்த இடங்களில் பற்றைக்குள்ளும் கரையிலும் இனம் தெரியாத இரும்புச் சாமானைத் தொடாதே என்று பெற்றோருக்கான கடிதத்தில் ஒரு வரி எழுதுங்கள். "பிள்ளையோடு போய்ச் சேகரியுங்கள்" என்று நாம்தான் அனுப்புகிறோம்.

நுளம்பை யாரும் கேட்பதில்லை, எனக்கு அதுதான் முதல் கவலை. கண்காட்சிக்காகச் சேர்த்த யோகட் கப்பும் சிரட்டையும் தகரமும் பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்தில் மழை நனைந்து கிடந்தால் டெங்கு நுளம்புக்கு நாம் கட்டிக்கொடுத்த வீடு அது. முட்டை நுளம்பாவதற்கு ஏழு முதல் பத்து நாள் போதும். அந்த முட்டை பாத்திரச் சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தும் உயிரோடு இருக்கும், ஆகவே தண்ணீரைக் கவிழ்த்தால் மட்டும் போதாது, உரஞ்சிக் கழுவ வேண்டும். 2017இல் நாட்டில் 186,000க்கு மேற்பட்டோருக்கு டெங்கு பதிவானது, அந்த வருடத்தின் தொடக்கத்தில் கிண்ணியா பட்ட பாட்டை நாம் மறக்கக்கூடாது. வாடைக்காற்று மழை தொடங்குவதும் உங்கள் கண்காட்சியும் ஒரே காலம். சேகரிப்பை ஓகஸ்ட், செப்டெம்பர் வெயிலிலேயே முடித்து, கழுவி, காயவைத்து, மூடியுள்ள பெட்டியில் கூரைக்குக் கீழே வையுங்கள். இலைகளையும் அப்போதே பத்திரிகைத் தாளுக்குள் வைத்துக் கனமான புத்தகத்தின் கீழ் ஒரு கிழமை, பத்து நாள் அழுத்தி எடுத்தால் நவம்பரில் பூஞ்சணம் பிடிக்காது.

சிப்பி, சங்கு பற்றிக் கேட்டிருந்தீர்கள். உப்புவெளியிலும் நிலாவெளியிலும் கரையில் ஒதுங்கிய வெறுஞ்சிப்பியில் ஒரு கைப்பிடி எடுப்பதில் நான் தப்புக் காணவில்லை, ஆனால் வாளி வாளியாக அள்ள வேண்டாம். சங்குக்குள் குடிபோகிற நண்டுகளுக்கு அது வீடு. உயிரோடு இருப்பதைத் தொடவே கூடாது, கூம்பு வடிவச் சங்கு கொட்டினால் அதன் நஞ்சு மோசமானது. முருகைக்கல் வேண்டவே வேண்டாம். புறாத் தீவு 2003 முதல் தேசியப் பூங்கா, அங்கிருந்து ஒரு கல்லையோ சிப்பியையோ எடுத்து வருவது சட்டப்படி குற்றம். சுற்றுலா போய்வந்த தந்தை ஆசையாகக் கொண்டுவந்து தந்தால் மேசையில் வைக்காதீர்கள். கழிவு என்ற தலைப்பின் கீழ் உயிருள்ள கடலின் துண்டை வைப்பது சரியில்லை.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த, ஆனால் பயிற்சி வகுப்பில் அதிகம் எதிர்ப்பு வந்த ஒரு கருத்து: கூடியவரை ஒட்டாதீர்கள். ஒரு பிளாஸ்ரிக் போத்தல் தனியாக இருந்தால் சேகரிக்கிறவர் எடுத்துப்போவார். ஒரு காய்ந்த இலை தனியாக இருந்தால் மண்ணாகும். போத்தலில் இலையை ஒட்டி, வர்ணம் அடித்து, கிளிற்றர் தூவினால் இரண்டும் கெட்டுப்போய் நேராகக் குப்பைக்குத்தான் போகும். கிளிற்றர் என்பதே நொறுக்கிய பிளாஸ்ரிக் தூள். அப்படிப் பார்த்தால் பல "மீள்சுழற்சிக் கண்காட்சிகள்" மீளவே முடியாத குப்பையை உண்டாக்குகின்றன. ஒட்டுவதற்குப் பதில் குத்தலாம், கோக்கலாம், செருகலாம், பின்னலாம், அடுக்கலாம். ஒரு தட்டில் களிமண்ணைப் பரப்பிக் கொடுத்தால் பிள்ளை அதில் குச்சி நட்டுக் காடு செய்யும், சிரட்டை வைத்து மலை செய்யும், பிடிக்காவிட்டால் பிடுங்கி வேறு செய்யும். பசையில் அந்தச் சுதந்திரம் இல்லை. ஒட்டினால்தான் வீட்டுக்குக் கொண்டுபோக முடியும் என்று ஆசிரியைகள் சொல்வார்கள், அதில் நியாயம் இருக்கிறது. அதற்கு அச்சுப் படங்களையும் இலை தேய்த்த படங்களையும் கொடுத்தனுப்புங்கள்.

கண்காட்சி அன்று என்ன வைப்பது? ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு இடம், அதில் அவள் செய்தது, அதன் கீழே அவள் சொன்ன வசனம் அவள் சொன்னபடியே. "இது மழைக்க நனையிற மான், அம்மா மான் கடைக்குப் போட்டுது" என்று எழுதி வைத்தால், மானுக்கு நாலு கால் சரியாக இருக்கிறதா என்று யாரும் பார்க்கப் போவதில்லை. எழுதும்போது இலக்கணம் திருத்தாதீர்கள். தமிழ், சிங்களம் இரண்டும் கலந்து பேசுகிற பிள்ளை இருந்தால் அதையும் அப்படியே எழுதுங்கள். பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களைப் பேஸ்புக்கில் போட முன்னர் பெற்றோரிடம் கேளுங்கள். நாலைந்து பேராகக் குழு பிரித்துச் செய்யுங்கள், மற்றவர்கள் அந்த நேரம் முற்றத்தில் விளையாடட்டும். இருபது பேரை ஒன்றாக உட்கார வைத்தால் கடைசியில் நீங்கள்தான் வெட்டி ஒட்டிக்கொண்டிருப்பீர்கள், போன வருடத்துக் கதை அப்படித்தான் தொடங்கியிருக்கும்.

பெற்றோரைச் சமாளிக்க நான் கண்ட ஒரே வழி, அவர்களுக்கும் ஒரு மேசை போடுவது. அதே களிமண், அதே சிரட்டை, அதே குச்சி. பிள்ளையோடு குந்தியிருந்து செய்யட்டும். பத்து நிமிடத்தில் தகப்பன்மார்தான் அதிகம் மூழ்கிப்போவார்கள், அந்த மேசையில் இருந்துகொண்டு "வடிவா இல்லை" என்று யாரும் சொன்னதை நான் கேட்டதில்லை. குழுவிடம் இப்போதே போய், இந்த வருடம் பிள்ளை செய்ததை மட்டும் வைப்போம் என்று சொல்லிவிடுங்கள். நவம்பர் முதல் கிழமையில் சொன்னால் சண்டை, ஓகஸ்டில் சொன்னால் பேச்சுவார்த்தை.

எதையும் தொடாமல் பார்த்துக்கொண்டே நிற்கிற பிள்ளை ஒன்றிரண்டு இருக்கும். கையைப் பிடித்துச் செய்விக்காதீர்கள். பலருக்குக் களிமண்ணின் ஈரம் பிடிக்காது, குச்சியால் தொட்டுத் தொட்டுப் பழகுவார்கள். மாதக்கணக்கில் எல்லாவற்றுக்கும் அப்படியே நின்றால், பேச்சிலும் விளையாட்டிலும்கூட ஒதுங்கினால், தாயோடு மெதுவாகப் பேசிச் சிறுவர் வைத்தியரிடம் காட்டச் சொல்லலாம், அதைத் தீர்மானிப்பது நம் வேலை அல்ல. அப்படி ஒரு பிள்ளையின் இடத்தில், அவள் சேர்த்துத் தந்த மூன்று இலையை வைத்து அவள் பேரை எழுதினால் அது உண்மையாகவே அவளுடைய வேலைதான்.

முடிந்தபின் இலையும் தும்பும் பசளைக் கிடங்குக்குப் போகட்டும், போத்தல்களைத் தனியாகக் கட்டிக் கொடுங்கள், எரிக்க வேண்டாம், அதுவும் 2017 முதல் தடை. சுடாத களிமண் காய்ந்து கல்லாகிவிட்டதே என்று எறிந்துவிடாதீர்கள். உடைத்து வாளித் தண்ணீரில் போட்டால் ஓரிரு நாளில் கரைந்து அடுத்த தவணைக்கு ஆகும். வாளியை மட்டும் இறுக்கி மூடி வையுங்கள்.